டாக்டர் அழமாட்டார்

5

கீழே சலூன்காரனின் ஜெனரேட்டர் நின்றது. அதோடு மின்விசிறியும் நின்றது. துப்பறியும் நிபுணர் லார்ட்டேவின் நெற்றியில் வழிந்த வியர்வை மட்டும் நிற்கவில்லை.

"பெட்ரோலுக்கு நாமளும் கொஞ்சம் பங்கு குடுப்போம்னு எத்தனை தடவை சொன்னேன் பாஸ். கடைசித் தலைக்கு சவரம் முடிஞ்சுது, நமக்கும் சேர்த்து முடிச்சுட்டான்" என்றாள் அவருடைய உதவியாளர் செலாசி.

"துப்பறியற வேலை இருட்டுலதானே மா நடக்கும்."

"வேலை இருட்டுல நடக்கட்டும். என் சம்பளமும் இருட்டுலயே இருக்கே, அதைச் சொன்னேன்."

லார்ட்டே சிரிக்கவில்லை. அன்று காலையிலிருந்தே அவர் சிரிக்கவில்லை. காப்பீட்டுக் கம்பெனியில் இருபது வருஷம் பொய்க் கணக்குகளை மோப்பம் பிடித்துவிட்டு, நகரத்து அடாப்ராகா பகுதியில் இந்த மாடி அறையை வாடகைக்குப் பிடித்த மனிதர். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஒரு விஷயம் அவர் மனசில் உறுத்தினால் ஆரஞ்சுப் பழத்தை உரித்து உரித்துத் தின்பார். இன்று மேசை மேல் தோல் குவிந்து கிடந்தது.

உறுத்தியது ஈபோ ஹாக்மன் விவகாரம்தான்.

ஈபோ, நகரத்தின் ஓரத்தில் தெஷியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தவன். வயது முப்பத்தாறு. கல்யாணம் இல்லை. பகலில் ஒரு சரக்குக் கம்பெனியில் கணினி வேலை. சாயங்காலமானால் இணையத்தில் ஒரு ஃபோரத்தில் விண்வெளிக் கதை நடத்துவான். 'எடினா' என்று ஒரு கற்பனைக் கப்பல். அதில் நாலு பேர் ஆடுகிறார்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தது கிடையாது. கப்பலுக்கு என்ன ஆகிறது என்று ஈபோ எழுதுவான். தங்கள் ஆள் அதற்கு என்ன செய்கிறான் என்று மற்றவர்கள் எழுதுவார்கள். ஜெயமா தோல்வியா என்று சந்தேகம் வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். இப்படியே ஐந்து வருஷமாக அந்தக் கப்பல் போய்க்கொண்டிருக்கிறது. எங்கே போகிறது என்று செலாசிக்கு இன்னும் புரியவில்லை.

திங்கட்கிழமை அவனுடைய அக்கா அராபா கேப் கோஸ்ட்டிலிருந்து வந்து இந்த அறையில் உட்கார்ந்து அழுதாள். தம்பியின் போன் அணைந்து கிடக்கிறது. அறை பூட்டிக் கிடக்கிறது. கம்பெனியில் கேட்டால் சொல்லாமல் நின்றுவிட்டான் என்கிறார்கள். போலீஸ் நிலையத்திலோ சிரித்தே அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்கூட ஃபோரத்தில் அவன் பெயரில் பதிவு வந்திருக்கிறதே, எழுதிக்கொண்டிருக்கிறவன் எப்படிக் காணாமல் போவான் என்பது அவர்கள் வாதம்.

"ஆக, ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஆள் நல்லா இருந்திருக்கார்" என்று அன்று லார்ட்டே கணக்குப் போட்டார். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு செலாசி நகரத்து மருத்துவமனைகளுக்கெல்லாம் போன் அடித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பேர் தெரியாமல் யாராவது வந்தார்களா என்று கேட்டாள். யாரும் இல்லை. ஒரே ஒரு இடத்தில் நர்ஸ் ஒருத்தி, "பேர் தெரியாதவர் ஒருத்தர் இருக்கார், ஆனா பெருமழை பெஞ்ச புதன்கிழமையிலேர்ந்து இங்கதான் படுத்திருக்கார்" என்றாள்.

"வார்டுல படுத்துக்கிட்டே விண்கப்பல் ஓட்ட முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு செலாசி போனை வைத்தாள். அந்த நகைச்சுவை அவளுக்கே பிடித்துப்போய் லார்ட்டேவிடமும் ஒருதரம் சொன்னாள்.

இப்போது லார்ட்டே எழுந்து சட்டையை உதறினார்.

"கிளம்பு மா. அந்தக் கப்பல்ல போறவங்கள்ல ஒருத்தர் இந்த ஊர்லயே இருக்கார்."

"விண்வெளி வீரரா? எங்க?"

"சர்க்கிள் சந்தையில. போன் ரிப்பேர் பண்றார்."

*

சர்க்கிளில் நடப்பதற்குத் தனித் தைரியம் வேண்டும். இடப்பக்கம் சார்ஜர், வலப்பக்கம் செருப்பு, தலைக்கு மேல் தண்ணீர்ப் பாக்கெட் கூடை. இதற்கு நடுவே குடை நிழலில் ஒரு மேசை போட்டு, ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பாப்பாஃபியோ. எடினா கப்பலின் பீரங்கிக்காரன் அவர்தான். ஆள் ஒல்லி, ஊதினால் பறந்துவிடுவார்.

"மாஸ்டருக்கு என்ன ஆச்சு சார்?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார். "அவரோட அக்கா தேடறாங்கன்னு போன்ல சொன்னீங்க. எனக்கு அன்னியிலேர்ந்து ஒரு கென்கி உருண்டைகூடத் தொண்டையில இறங்கல."

ஈபோவை அவர்கள் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"அவர் நேத்து வரைக்கும் எழுதியிருக்காரா?" என்றார் லார்ட்டே.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும். அதுக்கப்புறம் இல்ல."

"எழுத்துல ஏதாவது வித்தியாசம்?"

பாப்பாஃபியோ தயங்கினார். "வித்தியாசம்னு இல்ல. ஒரு வருத்தம். முதல்ல எங்க விதியைச் சொல்றேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். நூறு விதி இருக்கு சார், ஆனா ஒண்ணுதான் உசிர். அடுத்தவன் ஆளைத் தொடக்கூடாது."

"நல்ல விதி" என்றாள் செலாசி. "நெருக்கியடிச்சுப் போற ட்ரோட்ரோ வேன்ல எல்லாம் இதை எழுதி ஒட்டணும்."

"மாஸ்டரும் தொடக்கூடாதா?" என்றார் லார்ட்டே.

"மாஸ்டர்தான் முதல்ல தொடக்கூடாது. கூரை இடிஞ்சு விழுந்துச்சுன்னு அவர் சொல்லலாம். நான் பயந்துட்டேன்னு சொல்லக்கூடாது. பயந்தேனா, பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேனான்னு நான்தான் எழுதணும். என் ஆள் மனசுக்குள்ள நுழைய எனக்கு மட்டும்தான் உரிமை. அதனாலதான் ஈபோ மாஸ்டர் ஒவ்வொரு பதிவையும் ஒரே கேள்வியில முடிப்பார். 'இப்ப என்ன செய்யப்போறீங்க?' அஞ்சு வருஷத்துல ஒருநாள் தவறினதில்ல."

"வருத்தம் எதுக்குன்னு சொல்லலியே."

பாப்பாஃபியோ தன் போனை எடுத்துத் தள்ளித் தள்ளிக் காட்டினார். "கொஞ்ச நாளா மாஸ்டருக்கு டாக்டர் மேல மட்டும் தனிப் பாசம். பாருங்க. 'விளக்குகள் அணைந்தன. டாக்டருக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது.' இங்க பாருங்க, 'டாக்டர் பெருமூச்சை அடக்கிக்கொண்டார்.' எங்க மூணு பேரையும் ஒரு விரல் தொடல, விதிப்படி. டாக்டர் மனசுக்குள்ள மட்டும் வீட்டுக்காரர் மாதிரி போய் வர்றார்."

டாக்டர் என்பது கப்பலின் வைத்தியர். அந்த வேஷத்தை ஆடுகிறவர் கேப் கோஸ்ட் பக்கத்து ஓய்வுபெற்ற கிழவராம். அவர் குரலைக்கூட யாரும் கேட்டதில்லை.

"கிழவர் கோவிச்சுக்கலியா?"

"அதான் எனக்கும் ஆச்சரியம். மகா ரோஷக்காரர் சார் அவர். போன வருஷம் 'டாக்டர் முகம் வெளுத்தது'ன்னு கைத்தவறுதலா ஒரு வரி எழுதிட்டேன். கடையில கஸ்டமர் நிக்கிறான், இங்க எனக்கு வசவு வந்துக்கிட்டே இருக்கு. இப்ப என்னடான்னா வாயே திறக்கல."

லார்ட்டேவின் கை சட்டைப் பையில் ஆரஞ்சைத் தேடி, கிடைக்காமல் வெளியே வந்தது. "இந்தப் பாசம் எப்ப ஆரம்பிச்சுது?"

பாப்பாஃபியோ திரையில் தேடினார். "மழை புதன்கிழமை பெஞ்சுதில்ல, மறுநாள் வியாழக்கிழமைப் பதிவு. அதுக்கு முன்னாடி ஒண்ணுகூட இல்ல."

"மாஸ்டரோட கடவுச்சொல் யார்கிட்ட இருக்கும்?"

"யார்கிட்டயும் இருக்காது. மலேரியாவுல படுத்தப்பக்கூட எங்களுக்குக் குடுக்கல. நாங்களே அந்த வாரம் கப்பலை நிறுத்தி வச்சோம். ரொம்ப நாள் நிறுத்தவும் முடியாது சார். மாஸ்டர் எழுதாத ஆட்டத்தை ஃபோரத்துல பூட்டிடுவாங்க. ஆளுங்களும் ஒவ்வொருத்தரா வேற கப்பலுக்குப் போயிடுவாங்க."

"கடைசியா ஒண்ணு. டாக்டர் எப்ப வந்து சேர்ந்தார்?"

"ரெண்டு வருஷம் இருக்கும். மாஸ்டரோட அம்மா செத்தாங்க. அதுக்கு அடுத்த மாசம்."

லார்ட்டே குனிந்து பாப்பாஃபியோவின் காதில் ஏதோ சொன்னார். பாப்பாஃபியோவின் முகம் வெளுத்தது; இதை எழுத யார் அனுமதியும் தேவையில்லை, கண்ணெதிரே வெளுத்தது.

"அது பாவம் சார்" என்றார்.

"ஒரே ஒரு வரி. நாலு மணிக்கு" என்றார் லார்ட்டே.

*

திரும்பி வரும் ட்ரோட்ரோவில் செலாசிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "என்ன பாஸ் சொன்னீங்க அவர்கிட்ட?"

"உன் வீட்டுப் பாத்திரத்தை எடுத்துப் புழங்க நீ யார்கிட்டயாவது கேப்பியா மா?"

"எதுக்குக் கேக்கணும்? என் பாத்திரம்." சொன்ன வாய் அப்படியே நின்றது. "அப்படின்னா மாஸ்டர் பேர்ல எழுதினது அந்த டாக்டர் கிழவன். அடுத்தவங்க ஆளைத் தொடக்கூடாதுன்னு ஜாக்கிரதையா இருந்தவன், தன் ஆள் வந்ததும் பழக்க தோஷத்துல மனசுக்குள்ள போயிட்டான். அதான் அவன் கோவிச்சுக்கல. தன் மேல தானே எப்படிக் கோவிச்சுக்கறது?"

"ம்."

"ஈபோவை அவன்தான் எங்கயோ அடைச்சு வச்சிருக்கான். கழுத்துல கத்தி வச்சு கடவுச்சொல்லை வாங்கியிருக்கான்."

"கத்தி இல்லாமலும் ஒரு கடவுச்சொல்லை ஊகிக்கலாம் மா. ஆளைச் சின்ன வயசுலேர்ந்து தெரிஞ்சிருந்தா" என்றார் லார்ட்டே. பழக்காரியிடம் ஜன்னல் வழியாக ஆரஞ்சு வாங்கினார்.

லார்ட்டே வரச் சொல்லியிருந்தபடி நாலு மணிக்கு அராபா வந்தாள். கேப் கோஸ்ட்டில் தையல் பள்ளி நடத்துகிறவள். உடுப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. இன்று கழுத்துப் பொத்தான் மாறிப்போட்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, "ஏதாவது தெரிஞ்சுதா சார்?" என்றாள்.

"கொஞ்சம் இருங்க மேடம். ஒரு தகவல் வரணும்" என்று லார்ட்டே பழத்தை உரிக்கத் தொடங்கினார். "நீங்க அந்தக் கதையில எழுதறதில்லன்னு சொன்னீங்கல்ல?"

"நான் வெறும் வாசகிதான். எழுதவெல்லாம் எனக்கு வராது."

மின்சாரம் வந்திருந்தது. செலாசி கணினியில் எடினாவைத் திறந்து வைத்திருந்தாள். திடீரென்று புதுப் பதிவு ஒன்று வந்து விழுந்தது. எழுதியவர் பீரங்கிக்காரன்.

'பீரங்கிக்காரன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அவனைப் பார்த்ததும் டாக்டர் தேம்பித் தேம்பி அழுதார்.'

செலாசி திகைத்தாள். உசிர் என்று சொன்ன விதியைப் பாப்பாஃபியோவே உடைத்துவிட்டாரே. மேசைக்கு அந்தப் பக்கம் அராபாவின் போன் சிணுங்கியது. அவள் எடுத்துப் பார்த்தாள். புருவம் நெரிந்தது. கட்டைவிரல்கள் இரண்டும் கடகடவென்று ஓடின.

செலாசியின் திரையில் அடுத்த பதிவு வந்தது. எழுதியவர் டாக்டர்.

'என் டாக்டர் அழமாட்டார். உடனே நீக்குங்கள்.'

செலாசி திரையைப் பார்த்தாள். அராபாவைப் பார்த்தாள்.

"அனுப்பியாச்சா மேடம்?" என்று லார்ட்டே மெதுவாகக் கேட்டார்.

அராபா போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். கீழே சலூனில் யாரோ சிரிப்பது கேட்டது.

"அம்மா சாவுக்கு அவன் மூலையில உக்காந்து போன்ல எழுதிக்கிட்டிருந்தான்" என்றாள் கடைசியில். "சனமெல்லாம் பாக்குது. நான் போனைப் பிடுங்கி வீசினேன். அம்மா செத்துக் கிடக்கறா, உனக்கு விளையாட்டு கேக்குதாடான்னு எல்லார் எதிர்லயும் கேட்டேன். எழுந்து போனவன்தான். அப்புறம் என்கிட்ட பேசல. அப்படி என்னத்தை எழுதினான்னு ஒருநாள் தேடிப் போய்ப் படிச்சேன். கப்பல்ல சமையல்காரம்மா ஒருத்தி செத்துப்போறா சார். எல்லாரும் சாப்பிட்ட தட்டோட நிக்கறாங்க. எங்க அம்மா சிரிக்கறது, கையைத் துடைக்கறது, எல்லாம் அதுல இருந்துச்சு. நான் வாசல்ல நின்னு வந்தவங்களை எண்ணிக்கிட்டிருந்தேன். அவன்தான் அம்மாவுக்கு அழுதுக்கிட்டிருந்திருக்கான்."

"அதனால கிழவர் வேஷம் போட்டுப் போய்ச் சேர்ந்தீங்க."

"தினமும் ஒருதரமாவது அவன் என்கிட்ட 'என்ன செய்யப்போறீங்க'ன்னு கேட்டான் சார். எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

புதன்கிழமை அவன் எழுதவில்லை. மழை, மின்வெட்டு, வழக்கம்தானே என்று அவள் நினைத்தாள். வியாழக்கிழமையும் இல்லை. இப்படியே விட்டால் ஆட்டத்தைப் பூட்டிவிடுவார்கள், தம்பிக்கும் தனக்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான் என்று பயந்து, அம்மா தங்கள் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்ட செல்லப் பெயரைக் கடவுச்சொல்லாகப் போட்டுப் பார்த்தாள். திறந்துகொண்டது. அவன் வரும்வரை என்று எழுத ஆரம்பித்தாள். அவன் வரவில்லை.

"போலீஸ்லயாவது சொல்லியிருக்கலாமே" என்றாள் செலாசி. குரலில் கோபம் இருந்தது.

"எப்படிம்மா சொல்வேன்? கேப் கோஸ்ட் வீடு எங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. தம்பியைக் காணோம், அவன் பேர்ல அக்கா எழுதிக்கிட்டிருக்காள்னா ஊர் என்ன சொல்லும்? வீட்டுக்காக நானே அவனை ஏதோ பண்ணிட்டேன்னு சொல்லும். யார் எழுதினா என்ன, ஆளைத்தானே தேடணும்னு நினைச்சேன்."

"தப்பான நாள்லேர்ந்து தேடினோம் மேடம்" என்றார் லார்ட்டே. "ஞாயித்துக்கிழமை எழுதினது நீங்க. ஈபோ கடைசியா எழுதினது மழைக்கு முந்தின நாள். அவர் காணாமப் போனது அந்தப் புதன்கிழமை."

புதன்கிழமை. செலாசிக்கு அந்த நர்ஸின் குரல் அப்படியே திரும்பி வந்தது. அதற்குத் தான் சொன்ன பதிலும், பதிலைச் சொல்லிவிட்டுத் தானே ரசித்ததும் சேர்ந்தே வந்தன. இத்தனை நாளும் அந்த ஆள் அங்கேயேதான் படுத்திருக்கிறார். வேண்டாம் என்று போனை வைத்தது அவள்.

"பாஸ்" என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினாள். டாக்சியைக் கைதட்டி நிறுத்தியபோது மற்ற இருவரும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். வாடகைக்கு அவள் பேரம்கூடப் பேசவில்லை. அதைப் பார்த்துத்தான் விஷயம் எவ்வளவு பெரிது என்று அராபாவுக்கு விளங்கியது.

*

வார்டில் பார்வையாளர் நேரம் முடியப்போகிற சமயம். கட்டில்களைச் சுற்றி உறவுக்காரர்கள் சாப்பாட்டுத் தூக்குகளை மூடிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் மட்டும் யாரும் இல்லை.

"சாக்கடை பொங்கி ரோட்டுக்கு வந்துச்சில்ல, அதுல அடிச்சுட்டுப் போயிருக்கார். மண்டையில அடி" என்றாள் நர்ஸ். "சட்டைப் பையில ஒண்ணும் இல்ல. பேர் கேட்டா முழிப்பார். ஆனா சாயந்தரம் ஆச்சுன்னா பக்கத்துக் கட்டில்காரங்க, ஊசி போட வர்றவங்க, கூட்ட வர்றவங்க, எல்லார்கிட்டயும் ஒரே கேள்விதான். என்னடா இதுன்னு எங்களுக்கும் புரியல."

லார்ட்டே என்ன கேள்வி என்று கேட்கவில்லை. செலாசியும் கேட்கவில்லை.

தலையில் கட்டு. தாடி மண்டியிருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அராபா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய் ஈபோ. அக்காடா."

அவன் அவளைப் பார்த்தான். வழியில் போகிற யாரையோ பார்ப்பது போலப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம் என்று செலாசிக்குத் தோன்றியது.

"ஈபோ, என்னைத் தெரியலையா? அராபா. கேப் கோஸ்ட் அராபா."

அவன் உதடு அசைந்தது. குரல் உலர்ந்துபோயிருந்தது. "இப்ப என்ன செய்யப்போறீங்க?"

அராபா திரும்பி லார்ட்டேவைப் பார்த்தாள். அவர் தலையை மட்டும் அசைத்தார். அவள் கண்ணைத் துடைத்தாள். மாறிப்போட்டிருந்த பொத்தானைக் கழற்றி நேராகப் போட்டுக்கொண்டாள். பிறகு, செலாசி இதுவரை கேட்டிராத ஒரு நிதானமான குரலில், ஒரு கிழவரின் குரலில் பேசினாள்.

"டாக்டர் கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வர்றார். கையில மருந்துப் பெட்டி இருக்கு. அடிபட்டவர் பக்கத்துல வந்து உக்கார்றார்."

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தாள். லார்ட்டே அவளைக் கைகாட்டி நிறுத்தினார். ஈபோ கண்ணை மூடித் திறந்தான். அராபா பக்கம் தலையைக் கொஞ்சம் திருப்பினான்.

"டாக்டர்" என்றான். "ஏன் இவ்வளவு லேட்?"

செலாசி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

ஈபோ அராபாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ தெரிந்தது போலவும் இருந்தது, தெரியாதது போலவும் இருந்தது. கன்னத்தில் வழிவதைப் பார்த்தான். பார்த்ததை அவனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை; அடுத்தவர் ஆளை அவன் தொடமாட்டான்.

"டாக்டர் அழறாரா?" என்று கேட்டான்.

"ஆமா" என்றாள் அராபா. "அழறார்."